மொட்டை மாடிப் புகை டிரம்மிலிருந்து முதல் விற்பனை வரை: புகையூட்டிய கோழியை முறைப்படி விற்க ஒரு வழிகாட்டி

நண்பர் வீட்டுப் பிறந்தநாளுக்கு நான்கு கோழிகளைப் புகையூட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவர் 2,000 ரூபாயை என் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவருடைய அலுவலகத்திலிருந்து மூன்று பேர் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் ஏழு பேர். 2022 கடைசியில் கோவைப் புறநகரில் என் வீட்டு மாடியில் இப்படித்தான் தொடங்கியது. முறையான பதிவு, சரியான லேபிள், நஷ்டமில்லாத விலை என்று எல்லாம் ஒழுங்குக்கு வர ஐந்து மாதங்கள் ஆயின. சரியான வரிசையில் செய்திருந்தால் ஆறு வாரங்களில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். “லாபத்துக்காகச் செய்யவில்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும்தான்” என்று சொன்னால் சட்டம் விலக்குத் தராது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் உணவு வணிகம் என்பதற்கான விளக்கத்திலேயே லாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று இருக்கிறது. பதிவு இல்லாமல் விற்பது குற்றம். ஆகவே விளம்பரத்துக்கு முன் பதிவு, பதிவுக்கு முன் கீழே உள்ள முதல் படி.

1. எந்த நிலையில் விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கோழியா, ஆட்டுத்தொடையா, பன்றி இறைச்சியா என்பது இரண்டாவது கேள்வி. வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது அது என்ன நிலையில் இருக்கும் என்பதே முதல் கேள்வி. மூன்று வழிகள் இருக்கின்றன.

சூடாகக் கொடுப்பது: முன்பதிவு வாங்கி, புகையூட்டி முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்சலாகக் கொடுத்துவிடுவது. உணவக பார்சல் போன்றதுதான். ஆவணங்களும் குறைவு, ஆபத்தும் குறைவு.

குளிரவைத்துக் கொடுப்பது: மறுநாள் வீட்டில் சூடுபடுத்திச் சாப்பிட. இதற்குக் குளிர்பதன ஒழுங்கு வேண்டும்.

காற்று நீக்கிப் பொதிந்து, உறையவைத்து விற்பது: இதைத் தொட்டவுடன் நீங்கள் பொட்டலமிடுபவர் ஆகிவிடுகிறீர்கள். எடையளவுச் சட்டம், லேபிள் விதிகள், ஆய்வகச் சோதனை எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

நான் இதை முடிவு செய்யாமலே விண்ணப்பம் போட்டதால்தான் என்னுடைய முதல் இரண்டு மாதங்கள் வீணாயின. முதல் ஆறு மாதங்களுக்குக் கோழி மட்டும், சூடாக மட்டும், சனி ஞாயிறுகளில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை கையில் பணமும் பழக்கமும் வந்த பிறகு.

2. இடத்தையும் அக்கம்பக்கத்தையும் சரி செய்யுங்கள்

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். “செய்துகொள்ளுங்கள் தம்பி” என்ற வாய்வார்த்தை முதல் புகார் வரும்வரைதான் நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் இந்தத் தொழிலை அங்கே தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். புகை மேலே போகும், மேல்வீட்டில் குழந்தை இருக்கும். நண்பரின் தோட்டத்தையோ ஊர் ஓரத்தில் ஒரு சிறு கொட்டகையையோ பாருங்கள். ஆனால் பதிவு எந்த முகவரியில் இருக்கிறதோ அங்கேதான் சமைக்க வேண்டும். வீட்டு முகவரியில் பதிவு செய்துவிட்டுத் தோட்டத்தில் புகையூட்டுவது பதிவில்லாமல் செய்வதற்குச் சமம்.

புகை பற்றி ஒரு வார்த்தை. தடித்த வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரமாக இருக்கிறது அல்லது காற்று போதவில்லை. அந்தப் புகை கோழியைக் கசக்க வைக்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் கோபப்படுத்தும். சரியாக எரிந்தால் மெல்லிய நீலநிறப் புகைதான் வரும், பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. நான் முதல் மாதம் பச்சை விறகைப் போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவின் துவைத்த துணிகள் முழுவதும் நாறிப்போயின. மன்னிப்புக் கேட்டு, புகை போடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லும் பழக்கத்தை அன்று ஆரம்பித்தேன். இன்றுவரை விடவில்லை.

உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் வீட்டில் உணவு தயாரித்து விற்க வணிக உரிமம் தேவையா என்றும், வீட்டு மின் இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்று மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் பதில் மாறுகிறது.

3. டிரம், விறகு, வெப்பமானி

விலை உயர்ந்த இறக்குமதிப் புகையடுப்பு தேவையில்லை. 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று போதும். கோவையில் வெல்டிங் பட்டறைகளுக்கா பஞ்சம்? கீழே காற்று வர மூன்று துளைகள், அவற்றை மூடித் திறக்கத் தகடு, உள்ளே கரிக்கூடை, மேலே இரண்டு தட்டுகள், மூடியில் புகைபோக்கி. இவ்வளவுதான். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பழைய ரசாயன டிரம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புது டிரம் என்றாலும் உட்பக்கம் பூச்சு இல்லாததாகக் கேளுங்கள், பூச்சு இருந்தால் சூட்டில் புகைந்து இறைச்சியில் இறங்கும். தட்டுகளுக்குத் துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம். 304 தர துருப்பிடிக்காத எஃகுக் கம்பி என்று பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

விறகில் நமக்குக் குறையே இல்லை. கொய்யா விறகு கோழிக்கு அவ்வளவு பொருத்தம். பழனி பக்கம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புகள் ஏராளம், கவாத்து செய்த கிளைகளைக் கேட்டால் கிடைக்கும். மாங்கட்டையும் நன்றாக இருக்கும். வால்பாறை, ஏற்காடு பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் பழைய காப்பிச் செடிக் கட்டைகளை விட்டுவிடாதீர்கள். எதுவானாலும் ஆறு மாதம் காய்ந்திருக்க வேண்டும். சூட்டுக்குப் பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்துச் சிரட்டைக்கரி அல்லது இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்கரி. டெக்சாஸில் இறைச்சிக்குப் பெயர்போன மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே இனக் குடும்பத்தின் நெருங்கிய உறவுகள். அதன் புகை காரமானது. ஆகவே கரியாகப் பயன்படுத்துங்கள், பச்சைக் கட்டையாகப் போடாதீர்கள். தைலமரம், பைன் பெட்டிப் பலகை, பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றைத் தொடவே கூடாது.

மூடியில் பொருத்தும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். என்னுடையது 20 டிகிரி பொய் சொன்னது. குத்திப் பார்க்கும் எண்ணிலக்க வெப்பமானி குறைந்தது இரண்டு வேண்டும். மாதம் ஒருமுறை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்தால் சென்னையில் 100 காட்டும். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 98.5 அளவில் காட்டுவதே சரி.

எனக்கு ஆன செலவு: டிரம்மும் வெல்டிங்கும் 9,500 ரூபாய், சிறிய ஃப்ரீஸர் 15,500, வெப்பமானிகள் 3,200, தராசு 3,800, ஐஸ் பெட்டி, பாத்திரங்கள், வெட்டுப்பலகைகள் 6,000. மொத்தம் 38,000 ரூபாய். சூடாக மட்டும் விற்பதென்றால் ஃப்ரீஸரைத் தள்ளிப்போடலாம்.

4. உணவுப் பாதுகாப்புப் பதிவு

ஆள் வைக்காமல் நீங்களே செய்யக்கூடிய வேலை இது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) நடத்தும் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்க வேண்டும். 2023இல் நான் விண்ணப்பித்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்போருக்கு அடிப்படைப் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை ஒரே தடவையில் எடுக்கலாம் என்று இருந்தது. நான் மூன்று ஆண்டுகளுக்கு 300 ரூபாய் கட்டினேன். வரம்பும் கட்டணமும் திருத்தப்படும், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் உள்ளதையே பாருங்கள்.

அந்த 300 ரூபாய்க்கு முன்னால் ஒரு 4,500 ரூபாய் கதை இருக்கிறது. பதிவு எடுத்துத் தருகிறேன் என்ற ஓர் இடைத்தரகரிடம் அந்தத் தொகையைக் கொடுத்தேன். அவர் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் இறைச்சி பதப்படுத்துதல் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டார். தினமும் எத்தனை கால்நடை, எத்தனை கோழி அறுக்கிறீர்கள், கழிவு எங்கே போகிறது என்று விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பியது. அந்த அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போனது, எனக்கு வரவில்லை. பதில் போகாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கட்டிய கட்டணம் திரும்பவில்லை.

இதில் இரண்டு பாடங்கள். விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண், உங்கள் மின்னஞ்சல் மட்டுமே இருக்க வேண்டும். தொழில் பிரிவைத் தேர்வு செய்யும் பக்கத்தில் அவசரப்படக் கூடாது. வெட்டிய கோழியைக் கடையிலிருந்து வாங்கி, வீட்டில் சமைத்துச் சூடாகக் கொடுப்பவர் வீட்டில் சமைத்து விற்போருக்கான உணவுச் சேவைப் பிரிவுக்குள் வருவார். பொதிந்து உறையவைத்த இறைச்சிப் பொருளை விற்பவருக்குப் பிரிவு வேறு. முதல் படியில் முடிவெடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரை நேரில் பார்த்துக் கேளுங்கள். நான் கடைசியில் போய்ப் பார்த்தபோது பத்து நிமிடத்தில் பொறுமையாக விளக்கினார்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை
- சமைக்கும் இடத்தின் முகவரிச் சான்று: மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம்
- உரிமையாளரின் சம்மதக் கடிதம்
- தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை (அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்)
- மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று

கடைசி இரண்டையும் அடிப்படைப் பதிவின்போது பதிவேற்றச் சொல்லவில்லை. ஆனால் அலுவலர் இடத்தைப் பார்க்க வந்தபோது முதலில் கேட்டது அவற்றைத்தான். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் பரிசோதனையைத் தவிர்க்கவே முடியாது. எனக்கு 1,800 ரூபாய் ஆனது, அறிக்கை வர ஒன்பது நாட்கள். உடல்தகுதிச் சான்றோடு டைபாய்டு தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள். உதவிக்கு ஆள் இருந்தால் அவருக்கும் வேண்டும்.

விதிப்படி விண்ணப்பம் போன ஏழு நாட்களுக்குள் பதிவு கொடுக்கலாம், மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று தெரிவிக்கலாம். ஆய்வு என்றால் ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பார்த்தவை: பச்சை இறைச்சிக்கும் வெந்த இறைச்சிக்கும் தனித்தனிப் பலகையும் கத்தியும், கைகழுவும் இடம், மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஈ வராத வலை. டிரம்மைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கரித்தூசி எங்கே கொட்டப்படுகிறது என்று.

பதிவு வந்ததும் 14 இலக்க எண் கிடைக்கும். சான்றிதழை இடத்தில் மாட்டுங்கள். 2022 ஜனவரி முதல் ரசீதிலும் அந்த எண் இருந்தாக வேண்டும், கையால் எழுதும் ரசீதுக்கும் இது பொருந்தும். சான்றிதழில் முடியும் தேதி இருந்தால் அதைக் காலண்டரில் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பியுங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரை மணி நேர வேலை. இதற்கும் பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வருகின்றன, அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இந்த அளவு விற்பனைக்கு ஜிஎஸ்டி வரம்பு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் உணவு விநியோகச் செயலிகளில் சேர நினைத்தால் முதலில் ஒரு கணக்காளரிடம் கேளுங்கள். வங்கியில் தனிக் கணக்கு, அதற்கு மட்டும் ஒரு கியூஆர் அட்டை. வீட்டுச் செலவும் தொழில் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

5. தராசும் லேபிளும்

எடைக்கு விற்கிறீர்கள் என்றால் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். இணையத்தில் 600 ரூபாய்க்கு வரும் சமையலறைத் தராசு இதற்குச் செல்லாது. முத்திரையிட்ட மின்னணுத் தராசை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி, ஆண்டுதோறும் மறுமுத்திரை போடுங்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை. முழுக்கோழி இவ்வளவு என்று எண்ணிக்கையில் விற்றாலும் எடையைச் சொல்லி விற்பது நல்லது.

பொதிந்து விற்கும் நிலைக்கு வந்தபின் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி பொட்டலமிடுபவராகப் பதிவு செய்யுங்கள். தொடங்கிய 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, கிராமுக்கோ கிலோவுக்கோ ஆகும் விலை, பொதிந்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், சேமிக்கும் முறை, உங்கள் முகவரி, புகார் எண், 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் வர வேண்டும். அசைவக் குறி சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய வட்டக் குறியுடன் இன்னும் லேபிள் அச்சடித்துத் தருகிறார்கள். நான் 1,000 லேபிள்களைத் தூக்கிப்போட்டது அதனால்தான். ஊட்டச்சத்து அட்டவணை உங்களுக்குக் கட்டாயமா என்பதை அச்சுக்குக் கொடுக்குமுன் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. இறைச்சி வாங்குவது

புகையூட்டத் தோலுடன் கூடிய கோழி வேண்டும். நம் ஊர்க் கடைகளில் சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் தோலை உரித்துவிடுவார்கள். முந்தைய நாளே சொல்லிவையுங்கள். கடைக்காரரிடம் அவருடைய பதிவு எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கி, தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். ஆட்டிறைச்சி என்றால் உள்ளாட்சி அறுவைக்கூட முத்திரையைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் தயவுசெய்து நேர்மையாக இருங்கள். பன்றி இறைச்சியும் புகையூட்டுவதாக இருந்தால் அதற்குத் தனி டிரம், தனித் தட்டு, தனிக் கத்தி வைத்து, அதை வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தனியாக வைக்க வசதி இல்லையென்றால் பன்றி இறைச்சியை விட்டுவிடுங்கள். உங்களை நம்பி வாங்கும் இஸ்லாமியக் குடும்பத்துக்குத் தெரியாமல் ஒரே தட்டில் வைத்துக் கொடுப்பது பெரும் துரோகம். ஹலால் முறையில் அறுத்த கோழியா என்று கேட்டால், எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுங்கள், முடிவு அவர்களுடையது.

7. சூடும் குளிரும்

புகை போட்டால் கெடாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பாட்டி போட்ட உப்புக்கண்டம் மாதக்கணக்கில் இருந்ததே என்பார்கள். அது உப்பாலும் வெயிலாலும் நீர் முழுவதும் வற்றிய இறைச்சி. நாம் செய்யும் கோழி சாறு நிறைந்தது. அதைக் கோழிக்குழம்பைப் போலத்தான் நடத்த வேண்டும். வெளியில் வைத்தால் அதே வேகத்தில் கெடும்.

நான் பின்பற்றும் எண்கள் இவை. கோழியை ஊறவைக்கும் உப்பு நீர் 5 சதவீதம், இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டிக்குள், வெளியே அல்ல. டிரம் 120 முதல் 135 டிகிரி. பாதியாகப் பிளந்த கோழிக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். ஆனால் நேரத்தை நம்பாமல் தொடையின் தடித்த பகுதியில் எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள், குறைந்தது 74 டிகிரி. புகையூட்டிய இறைச்சி வெந்த பிறகும் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கும். வேகவில்லை என்று வாடிக்கையாளர் பயப்படுவார். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் பெருகும். சூடாகக் கொடுப்பதென்றால் 60க்கு மேலேயே பெட்டியில் வைத்திருங்கள். குளிரவைப்பதென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கீழே இறக்குங்கள். எட்டுக் கோழிகளைச் சூட்டோடு ஃப்ரிட்ஜில் அடுக்கினால் இது நடக்காது. உள்ளே இருக்கும் பால்கூடத் திரிந்துவிடும். துண்டாக்கி, அகலத் தட்டில் பரப்பி, தட்டின் கீழே ஐஸ் வைத்து, பிறகு உள்ளே வையுங்கள்.

காற்று நீக்கிப் பொதிவது பார்க்க அழகாக இருக்கிறது, அதனாலேயே பலர் முதல் மாதமே அந்த இயந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். காற்றில்லாத இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்குகிறது. மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. அதன் சில வகைகள் ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். ஆகவே காற்று நீக்கிய பொதி நேராக மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸருக்குப் போக வேண்டும், உருக்கும்போது பொதியைக் கிழித்த பிறகே ஃப்ரிட்ஜில் உருக்க வேண்டும் என்று லேபிளில் எழுதுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்பதை நீங்களாக எழுதக் கூடாது, ஆய்வகத்தில் சோதித்த பிறகே எழுதுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. வெளிநாட்டுச் செய்முறைகளில் பிங்க் சால்ட் என்று வரும். அது 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பு. இளஞ்சிவப்பு இந்துப்பு அல்ல. இந்துப்பைப் போட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பதும் ஆபத்து, பதப்படுத்தும் உப்பைச் சாதாரண உப்பைப்போல அள்ளிப் போடுவது உயிருக்கே ஆபத்து. தொடங்கும் ஆண்டில் இது உங்களுக்கு வேண்டாம். முப்பது டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் புகை காட்டும் குளிர்ப்புகை முறையும் வேண்டாம், நம் வெயிலில் அது நடக்காது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் இருக்காது. முந்தைய இரவே ஃப்ரீஸரின் காலி இடத்தைத் தண்ணீர்ப் பாட்டில்களால் நிரப்பி உறையவைத்தால், கதவைத் திறக்காதவரை தாங்கும்.

8. விலை போடுவது

நான் முதலில் ஒரு கோழியை 450 ரூபாய்க்குக் கொடுத்தேன். 320 ரூபாய்க்கு வாங்கியது, 130 ரூபாய் லாபம் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எழுதினேன்.

1.6 கிலோ தோலுடன் கோழி 320 ரூபாய். உப்பு, மசாலா 25. ஒரு தடவை எட்டுக் கோழிக்கு 4 கிலோ கரி 200, விறகு 80, ஆகக் கோழிக்கு 35. பொட்டலம் 18. ஐஸ், மின்சாரம் 10. இதுவரை 408. ஊறவைப்பதிலிருந்து டிரம் கழுவுவதுவரை ஆறு மணி நேரம், மணிக்கு 150 ரூபாய் என்று எனக்கே கூலி போட்டால் கோழிக்கு 112. மொத்தம் 520. கருகியது, வராமல்போன ஆள் என்று 5 சதவீதம் சேர்த்தால் 546. ஒவ்வொரு கோழிக்கும் கிட்டத்தட்ட நூறு ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது 680 ரூபாய்க்கு விற்கிறேன். விலையேற்றியதில் பழைய வாடிக்கையாளர்களில் நான்கு பேர் நின்றுபோனார்கள், மற்றவர்கள் தொடர்கிறார்கள்.

எடைக்கு விற்பவர்கள் மறக்கக் கூடாதது: 1.6 கிலோ கோழி வெந்தபின் 1.15 கிலோதான் இருக்கும். பன்றித் தோள்பகுதி நூல்நூலாகப் பிரியும்வரை புகையூட்டினால் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்துவிடும். பச்சை எடையில் விலை கணக்கிட்டு வெந்த எடையில் விற்றால் அங்கேயே நஷ்டம்.

முன்பணம் பாதி, வியாழன் இரவோடு முன்பதிவு முடிவு. முன்பணம் வாங்கத் தயங்கிய நாட்களில் ஞாயிறு மாலை மூன்று கோழிகள் என் வீட்டில் மிஞ்சின.

9. எந்த மாதம் தொடங்குவது

புரட்டாசியில் தொடங்காதீர்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பாதி வீடுகளில் அசைவம் இல்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர்கள் வீடுகளும் பொங்கல்வரை விலகிவிடும். தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு நல்ல விற்பனை. கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தில் குறைத்துக்கொள்வார்கள், ஈஸ்டருக்கு மொத்தமாகக் கேட்பார்கள். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த வாரம் பாதி டிரம்தான்.

திருவள்ளுவர் தினம், தைப்பூசத்தன்று வரும் வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் உள்ளாட்சி உத்தரவுப்படி இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், அந்த நாட்களில் முன்பதிவே எடுக்காதீர்கள்.

ஆகவே பிப்ரவரியில் தண்ணீர்ப் பரிசோதனையும் விண்ணப்பமும், மார்ச்சில் ஆய்வும் தராசும், ஈஸ்டருக்கு முதல் விற்பனை. இப்படி வைத்துக்கொண்டால் கோடையும் ஆடியும் தாண்டிப் புரட்டாசிக்கு முன் ஐந்து மாதப் பழக்கம் கைக்கு வந்துவிடும்.

10. பதிவேடும் மாதிரியும்

ஒரு 80 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு தடவையும் தேதி, எந்தக் கடைக் கோழி, ரசீது எண், டிரம்மில் வைத்த நேரம், எடுத்தபோது உள்வெப்பம், யாருக்கு எத்தனை மணிக்குக் கொடுத்தது. இவற்றோடு அந்தத் தொகுதியிலிருந்து 100 கிராம் இறைச்சியைத் தேதி எழுதிய பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள்.

என்னிடம் வாங்கிய ஒரு குடும்பத்தில் குழந்தைக்கு வாந்தி என்று ஒரு திங்கள் காலை தொலைபேசி வந்தது. கை நடுங்கியது. நோட்டை எடுத்துப் பார்த்தேன்: உள்வெப்பம் 79, கொடுத்தது மதியம் 12.40. அதே தொகுதியில் வாங்கிய மற்ற ஏழு பேரையும் உடனே அழைத்தேன், யாருக்கும் எதுவும் இல்லை. அந்த வீட்டில் மீதியை மாலைவரை சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருந்து இரவு கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைச் செலவில் பங்கெடுத்துக்கொள்கிறேன் என்றேன், அவர்கள் வாங்கவில்லை. குழந்தை மறுநாளே தேறிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் “வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடவும் அல்லது ஃப்ரிட்ஜில் வைக்கவும்” என்று பெரிய எழுத்தில் ஒட்டுகிறேன், கொடுக்கும்போது வாயாலும் சொல்கிறேன்.